கார் இன்ஜின் கொதித்து நின்றுவிட்டதா? உள்ளே சேதம் உண்டா என்று வரிசையாகக் கண்டறியும் வழி

வண்டி சூடாகி நின்ற பிறகு உங்கள் காதில் விழும் முதல் இரண்டு தீர்ப்புகள் பெரும்பாலும் எதிரெதிராக இருக்கும். ஒருவர் "தண்ணி ஊத்தி ஓட்டுங்க, ஒண்ணும் ஆகாது" என்பார். இன்னொருவர் பானெட்டைத் திறந்த மாத்திரத்தில் "இன்ஜின் போச்சு, வேற மாத்திடுங்க" என்பார். இருவருமே எதையும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். என் வண்டிக்கும் இதுதான் நடந்தது. எந்தச் சோதனையை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இன்ஜினைப் பிரிக்கக்கூடாது, என்ன எழுதி வாங்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லாமல் பல பட்டறைகள் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: செலவு குறைந்த சோதனையிலிருந்து தொடங்குங்கள், ஒவ்வொன்றின் முடிவையும் எண்ணாக எழுதி வாங்குங்கள், அந்த எண்கள் கையில் வராமல் ஹெட்டை (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகத்தை) கழற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

1. நின்ற இடத்தில்: மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்

சேதத்தின் அளவைத் தீர்மானிப்பது வெப்பம் எவ்வளவு ஏறியது என்பது மட்டுமல்ல. ஏறிய பிறகு இன்ஜின் எவ்வளவு நேரம் ஓடியது என்பதும்தான். வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொட்டதும் ஓரங்கட்டி அணைத்த வண்டிகள் பல தப்பித்துவிடுகின்றன. இழுவை குறைந்து, தட்டும் சத்தம் கேட்டு, தானாக நிற்கும்வரை ஓடிய வண்டியில் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

காரணம் எளிது. இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட் பெரும்பாலும் அலுமினியம். கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் சில இன்ஜின்களில் வார்ப்பிரும்பு. அரை மீட்டர் நீளமுள்ள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.1 மி.மீ. நீளும், வார்ப்பிரும்பு அதில் பாதிதான் நீளும். போல்ட்டுகள் இறுக்கிப் பிடித்திருக்க, ஹெட்டுக்கு நீள இடம் கிடைக்காமல் வளைகிறது. வளைந்த இடத்தில், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கெட்டின் மேல் இருக்கும் அழுத்தம் விட்டுப்போகிறது. பிளாக்கும் அலுமினியமாக இருந்தால் இந்த வித்தியாசம் குறையும். ஆனாலும் ஹெட்டில் எரியறைகளைச் சுற்றியுள்ள பகுதி மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடேறுவதால் வளைவு அங்கேயும் வரும்.

அங்கே நிற்கும்போது செய்யக்கூடாதவை மூன்று.

ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ திறக்காதீர்கள். இந்த அமைப்பு அழுத்தத்தில் வேலை செய்வது. காற்றழுத்தத்துக்கு மேல் 1 பார் (பார் என்பது அழுத்த அலகு) கூடினால் வெறும் தண்ணீரே 120 டிகிரிக்குப் பிறகுதான் கொதிக்கும். மூடியைத் திருகிய கணத்தில் அந்த அழுத்தம் போய்விடுவதால், உள்ளே இருப்பது ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் பீறிடும். குறைந்தது ஒரு மணி நேரமாவது விடுங்கள். மேல் ஹோஸைக் கையால் நிம்மதியாகப் பிடிக்க முடிய வேண்டும், அமுக்கினால் தளர்வாக அமுங்க வேண்டும். அப்போதுதான் மூடி.

சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். திடீரென்று குளிர்ந்தால் ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடலாம். வளைந்த ஹெட்டைச் சீர்செய்ய வழி உண்டு, விரிசலுக்கு வழி குறைவு.

"ஆறிடுச்சா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். ஏன் என்பதை நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று: இன்ஜின் அணைந்திருந்தாலும் ரேடியேட்டர் விசிறி திடீரென்று சுழலத் தொடங்கலாம். கையை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள்.

வண்டியை டோயிங் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். பட்டறை பக்கத்தில்தானே என்று ஓட்டும் அந்தச் சில கிலோமீட்டரில்தான் கேஸ்கெட் செலவு இன்ஜின் செலவாக மாறுகிறது.

2. மறப்பதற்குள் எழுதி வையுங்கள்

காத்திருக்கும் நேரத்தில் போனில் குறித்துக்கொள்ளுங்கள்: முள் எங்கே இருந்தது, சிவப்பில் எத்தனை நிமிடம் ஓடியது, எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஏ.சி. ஓடியதா, மேட்டில் ஏறிக்கொண்டிருந்ததா நெரிசலில் நின்றிருந்ததா, ஆவி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, புகை எந்த நிறம், இழுவை குறைந்ததா, சத்தம் கேட்டதா. ஓடோமீட்டரையும் தரையில் சொட்டிய கூலன்ட்டையும் படம் எடுங்கள்.

நெரிசலில் சூடாகி, வேகமாக ஓடும்போது இறங்கினால் சந்தேகம் விசிறியின் மேல். மேட்டிலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் சூடானால் அடைத்த ரேடியேட்டர், சரியாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றின் மேல். இதை நீங்கள் சொன்னால்தான் மெக்கானிக்குக்குத் தெரியும்.

முள்ளை முழுதாக நம்பாதீர்கள். கூலன்ட் பெருமளவு வெளியேறிவிட்டால் வெப்ப சென்சார் திரவத்தில் மூழ்கியிராது. வெறும் ஆவியில் நின்றுகொண்டு குறைந்த வெப்பத்தைக் காட்டும். முள் சிவப்பிலிருந்து தானாக இறங்கிவிட்டது என்று நிம்மதியடைந்து ஓட்டியவர்கள்தான் இன்ஜினை முழுதாக இழக்கிறார்கள். பல கார்களில் முள் ஒரு பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அது நகரத் தொடங்கும்போதே விஷயம் முற்றியிருக்கும்.

பட்டறைக்குப் போனதும் முதல் வேலை ஸ்கேனர் போடுவது. காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோடுகளை (பிழைக் குறியீடுகளை) அழிப்பதற்கு முன் படித்து, அச்செடுத்து வாங்குங்கள். பி0217 என்றால் இன்ஜின் அதிக வெப்பம். பி0300 முதல் தொடரும் எண்கள் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாதது. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. கோடு பதிவான நேரத்தில் கூலன்ட் வெப்பம், வேகம், சுமை என்ன என்பதையும் கம்ப்யூட்டர் பிடித்து வைத்திருக்கும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். உத்தரவாதமோ காப்பீடோ கோரும் நிலை வந்தால், இன்ஜின் எவ்வளவு சூடாகியது என்பதற்கு உங்களிடம் இருக்கப்போகும் வலுவான சாட்சி அதுதான்.

3. முழுதாக ஆறிய பிறகு: காசில்லாமல் பார்க்கக்கூடியவை

*ஆயில்.* டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பியை) எடுத்துப் பாருங்கள். அளவு ஏறியிருக்கிறதா? நிறம் வெளிறி, நுரைத்து, கெட்டியாக இருக்கிறதா? அப்படியென்றால் கூலன்ட் உள்ளே போயிருக்கிறது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெளிறிய பசை இருந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தால் அவசரப்படாதீர்கள். குளிர் காலத்தில் சின்னச் சின்னத் தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளில் ஈரக்காற்று குளிர்ந்தே அப்படிப் படியும். இதை மட்டும் காட்டி "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. வண்டியை ஓர் இரவு முழுக்க அசைக்காமல் நிறுத்தி, மறுநாள் ஆயில் வடிகால் போல்ட்டை மெல்லத் தளர்த்தி முதலில் வருவதைக் கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கும். இருந்தால் அதுதான் முதலில் வரும். ஆனால் ஆயிலோடு நன்றாகக் கலந்து கடைந்துவிட்டால் இப்படிப் பிரியாது. அப்போது டிப்ஸ்டிக்கே போதிய சாட்சி.

*கூலன்ட்.* எவ்வளவு குறைந்திருக்கிறது, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, துரு நிறமா என்று பாருங்கள். பல கூலன்ட்டுகளில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பு வாடை அடிப்பதால் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் நாவில் வைத்துவிடும் ஆபத்து உண்டு; வடித்ததைத் திறந்த பாத்திரத்தில் விடாதீர்கள்.

*ஸ்பார்க் பிளக்.* எல்லாப் பிளக்கையும் எடுத்துச் சிலிண்டர் வரிசைப்படி அடுக்குங்கள். மற்றவை வழக்கமான பழுப்பு நிறத்தில் இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போய் ஆவியாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

*பிளாஸ்டிக் பாகங்கள்.* ரேடியேட்டரின் இரு ஓரத் தொட்டிகள், தெர்மோஸ்டாட் கூடு, கூலன்ட் டேங்க், ஹோஸ் இணைப்புகள், பக்கத்தில் ஓடும் வயர் கனெக்டர்கள். விரிசலும் உருகலும் இங்கே வரும். சிலநேரம் மொத்தச் சேதமும் இவ்வளவுதான்.

4. ஸ்டார்ட் செய்யலாமா என்று முடிவெடுப்பது

ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கூலன்ட் கலந்த ஆயிலால், கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு நடுவே போதிய படலம் பிடிக்க முடியாது. சில நிமிட ஓட்டமே கிராங்க் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஆயில் சுத்தம், ஆனால் கூலன்ட் எங்கேயோ காணாமல் போயிருக்கிறது, வெளியே ஒழுகிய தடமும் இல்லை என்றால் இன்னும் கவனம். அது சிலிண்டருக்குள் தேங்கியிருக்கலாம். திரவத்தை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் திரவம் தடுத்தால் பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஸ்டார்ட்டரைத் திருப்பியதும் "டக்" என்று ஒரே இடத்தில் நின்றால் உடனே விட்டுவிடுங்கள், இரண்டாம் முறை முயலாதீர்கள்.

பாதுகாப்பான வழி: எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, டீசலாக இருந்தால் குளோ பிளக்கைக் கழற்றி, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றச் சொல்லுங்கள். சீராகச் சுற்றினால் நல்லது. துளை வழியாகக் கூலன்ட் பீறிட்டால் எந்தச் சிலிண்டர் என்பதும் தெரிந்துவிட்டது. சுற்றவே இல்லை என்றால் இன்ஜின் உள்ளே இறுகிப் பிடித்து சீஸ் ஆகியிருக்கலாம். அங்கேயே நிறுத்தி ஏழாம் படிக்குப் போங்கள்.

5. ஏன் சூடானது? இதைத் தனியாகக் கேளுங்கள்

எது கெட்டது என்பது ஒரு கேள்வி, ஏன் சூடானது என்பது வேறு கேள்வி. பல பட்டறைகள் முதலாவதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுகின்றன. ஹெட் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, வேலை செய்யாத விசிறி ரிலேயை அப்படியே விட்டால் புதுக் கேஸ்கெட்டும் அதே வழியில் போகும்.

பார்க்க வேண்டியவை: விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே, வாட்டர் பம்ப்பும் அதை ஓட்டும் பெல்ட்டும், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வெளியே தூசி, மூடியின் அழுத்தத் தாங்குதிறன், ஹோஸ்கள். மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதன் மேல் 1.1 பார், 1.4 பார் என்று அச்சிட்டிருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடிக்காத மூடி, கூலன்ட்டை முன்கூட்டியே கொதிக்க விட்டுவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டச் சொல்வார்கள். வேண்டாம். அது நோயைத் தீர்க்காது, அறிகுறியை மறைக்கும். பல இன்ஜின்களில் கூலன்ட் ஓடும் பாதையையே அது மாற்றிவிடும்.

ரேடியேட்டரில் ஊற்றும் ஒழுகல் அடைப்பான் திரவங்களும் அப்படியே. சோதனை முடியும்வரை அவற்றை ஊற்றவே விடாதீர்கள். ஹீட்டரின் நுண்குழாய்களையும் ரேடியேட்டரையும் அடைத்துவிட்டு, அடுத்து வரும் சோதனைகளின் முடிவையும் அவை குழப்பும்.

6. பட்டறைச் சோதனைகள், செலவு ஏறும் வரிசையில்

*அழுத்தச் சோதனை.* இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலன்ட் மூடிக்குப் பதில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவு வரை அழுத்தம் ஏற்றுவார்கள். அதற்கு மேல் ஏற்றக்கூடாது, ரேடியேட்டரே பிளக்கும். 15 முதல் 30 நிமிடம் கேஜ் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கி, வெளியே ஈரமும் இல்லை என்றால் ஒழுகல் உள்ளே. சிலிண்டருக்குள் சிறு கேமரா விட்டுப் பிஸ்டன் தலையில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சிறு கசிவு என்றால் அழுத்தத்தோடு ஓர் இரவு விட்டால்தான் தெரியும்.

*கூலன்ட்டில் எரிந்த வாயு இருக்கிறதா என்ற ரசாயனச் சோதனை.* நீல நிறத் திரவம் உள்ள ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, உள்ளிருக்கும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவிலுள்ள கரியமில வாயு கலந்திருந்தால் திரவம் பெட்ரோல் இன்ஜினில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும். கருவி மலிவு, கால் மணி நேர வேலை, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த சோதனை இதுதான், ஏனென்றால் முடிவை நீங்களே கண்ணால் பார்க்கலாம். இன்ஜின் ஓட வேண்டும் என்பதால் நான்காம் படியில் தேறிய வண்டிக்கு மட்டுமே இது.

இதில் இரண்டு கண்ணிகள். கூலன்ட்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டது. கூலன்ட் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு புதுத் திரவத்தோடு மறுபடி செய்ய வேண்டும். அடுத்தது, நிறம் மாறவில்லை என்பதால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. சில கசிவுகள் சுமை ஏறும்போது மட்டும் திறக்கும். இன்ஜின் சூடாகித் தெர்மோஸ்டாட் திறந்த பிறகே செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு கைச் சோதனை: முழுக்க ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடியுங்கள். கூலன்ட் சூடேறுவதற்கு முன்பே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் கல்லாக இறுகினால் சிலிண்டர் அழுத்தம் உள்ளே வருகிறது. கூலன்ட்டில் விடாமல் குமிழி வருவதும் அதே குறி. ஆனால் புதிதாகக் கூலன்ட் நிரப்பிய வண்டியில் தங்கிய காற்று வெளியேறும்போதும் கொஞ்ச நேரம் குமிழி வரும். அது குறைந்து நின்றுவிடும். கேஸ்கெட் குமிழி நிற்காது.

*கம்ப்ரஷன் டெஸ்ட்.* ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் உண்டாக்குகிறது என்று அளப்பது. எல்லாப் பிளக்கையும் கழற்றி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பேட்டரி பலவீனமாக இருந்தால் கடைசியாகப் பார்க்கும் சிலிண்டர் பாவம், காரணமில்லாமல் குறைத்துக் காட்டும். பெட்ரோல் இன்ஜினில் பெரும்பாலும் 10 முதல் 14 பார் வரை வரும். டீசலில் 20-க்கு மேல், அதற்கு வேறு கேஜ் வேண்டும். சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அந்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் முக்கியம்: 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகம்.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சிலிண்டர் ஒன்றுபோல் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். ஒன்று மட்டும் குறைந்தால் அதில் சிறு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் சுவர். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்த ஆயில் சோதனை பெட்ரோல் இன்ஜினுக்குத்தான். டீசலில் எரியறை சிறியது, செய்ய விடாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கம்ப்ரஷன் எல்லாச் சிலிண்டரிலும் நன்றாக இருந்தும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். கூலன்ட் பாதைக்கும் ஆயில் பாதைக்கும் நடுவிலோ, வெளிப்பக்கமாகவோ கேஸ்கெட் விட்டிருந்தால் கம்ப்ரஷன் எண் அசையாது.

*லீக்டவுன் டெஸ்ட்.* பிஸ்டனை மேல் உச்சத்தில் நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றை உள்ளே விட்டு, எவ்வளவு கசிகிறது என்று சதவீதத்தில் பார்ப்பது. 10-க்குள் இருந்தால் நல்ல இன்ஜின், 20-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். எங்கே கசிகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். ஆயில் மூடி வழியாகச் சீறினால் ரிங். சைலன்சர் வழியாக வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளே போகும் குழாயில் கேட்டால் இன்டேக் வால்வு. கூலன்ட்டில் குமிழி எழுந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். எல்லாப் பட்டறைகளிலும் இந்தக் கருவி இருக்காது. தேடிப் போவது வீண் போகாது.

*ஆயில் பகுப்பாய்வு.* ஆயிலைச் சிறு புட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது. சோடியம், பொட்டாசியம் கூடியிருந்தால் கூலன்ட் கலப்பு. ஈயம், செம்பு, தகரம் கூடியிருந்தால் பேரிங் தேய்மானம். அலுமினியம் கூடியிருந்தால் பிஸ்டன் உரசல். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். கண்ணுக்குத் தெரியாத பேரிங் சேதத்தை இன்ஜினைப் பிரிக்காமல் அறிய இதைவிட மலிவான வழி இல்லை. ஆகவே பழைய ஆயிலை வடிக்கும் முன் ஒரு புட்டி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கேஸ்கெட் போல் தெரிந்து கேஸ்கெட்டாக இல்லாதவையும் உண்டு. ஆயிலைக் கூலன்ட்டால் குளிரவைக்கும் ஆயில் கூலர் உள்ளே ஓட்டையானால் இரண்டும் கலக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிரவைக்கும் பகுதி ரேடியேட்டருக்குள் இருந்தால் அங்கேயும் இது நடக்கும். டீசலில் இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்குத் திருப்பி அனுப்பும் புகையைக் கூலன்ட்டால் குளிரவைக்கும் பகுதி) ஓட்டையானால் வெள்ளைப் புகையும் வரும், கூலன்ட்டும் குறையும். இவற்றைச் சோதித்து விலக்கியாகிவிட்டதா என்று ஹெட்டைத் தொடும் முன் கேளுங்கள்.

7. ஹெட்டைக் கழற்றிய பிறகு

இங்கே நீங்கள் நேரில் இருக்க முயலுங்கள். பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போடும் முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். எரிந்து கறுத்த தடம் எந்தச் சிலிண்டரிலிருந்து எங்கே போகிறது என்பது அதில் தெரியும். சிலிண்டர் சுவர்களில் நெடுக்குக் கீறல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் என்றால் கேஸ்கெட்டோடு வேலை முடியாது.

ஹெட் லேத் பட்டறைக்குப் போகும். அங்கிருந்து எழுத்தில் கேட்க வேண்டியவை:

சமதளம். நேர்ச்சட்டம் வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் அளக்க வேண்டும். பல உற்பத்தியாளர்கள் அனுமதிப்பது 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான். ஹெட்டை மட்டுமல்ல, பிளாக்கின் மேல்தளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

விரிசல். ஹெட்டின் துளைகளை அடைத்து, வெந்நீரில் மூழ்கவைத்துக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்ல முறை. அலுமினியத்தில் சாய ஊடுருவல் சோதனையும் செய்யலாம். காந்தச் சோதனை இரும்புக்கு மட்டும்தான் உதவும்.

கடினம். அதிகமாகச் சூடான அலுமினியம் மென்மையாகிவிடும். அப்படிப்பட்ட ஹெட்டை எவ்வளவு அழகாக ஃபேஸிங் (அடிப்பக்கத்தைச் செதுக்கிச் சமமாக்குதல்) செய்தாலும் போல்ட் இறுக்கத்தைத் தாங்காது. கடினச் சோதனை செய்யாமல் ஃபேஸிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இருக்கை. ஹெட் வளைந்திருந்தால் கேம் ஷாஃப்ட் உட்காரும் வரிசையும் வளைந்திருக்கும். அடிப்பக்கத்தை மட்டும் செதுக்கிச் சமமாக்கினால் மேலே வளைவு அப்படியே நிற்கும், கேம் இறுகும். ஹெட்டுக்குக் குறைந்தபட்ச உயரமும் மேனுவலில் இருக்கும். அதற்குக் கீழே செதுக்கினால் ஹெட் உதவாது.

பூட்டும்போது: ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை ஹெட் போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக்கூடாது. புதியவை வாங்கியதற்கு ரசீது கேளுங்கள். தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட் ஆகியவற்றை இதே வேலையில் மாற்றினால் கூலி பெரும்பாலும் அதிகமாகாது.

8. தாள்கள், செலவு, காலம்

செலவை மூன்று தனித்தனி எஸ்டிமேட்டாகக் கேளுங்கள்: சோதனைக்கு, பிரித்துப் பார்ப்பதற்கு, பழுது நீக்குவதற்கு. பிரித்த பிறகு வேண்டாம் என்று முடிவெடுத்தால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். இதை முன்பே பேசாதவர்கள் பிரித்துக் கிடக்கும் இன்ஜினை வைத்துக்கொண்டு பேரம் பேச முடியாமல் தவிக்கிறார்கள்.

ஆறாம் படியின் சோதனைகள் அனைத்தும் சேர்ந்தாலும் ஹெட் கேஸ்கெட் வேலையின் ஒரு சிறு பங்குதான். கேஸ்கெட் வேலையில் உதிரிபாகத்தைவிடக் கூலி பெரிது. ஹெட் மாற்றுவது அதற்கு மேல், வேறு இன்ஜின் வைப்பது எல்லாவற்றுக்கும் மேல். வண்டியின் இன்றைய விற்பனை மதிப்பை விசாரித்துப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு முடிவெடுங்கள்.

காலம்: அழுத்தச் சோதனையும் ரசாயனச் சோதனையும் ஒரே காலையில் முடியும். கம்ப்ரஷன், லீக்டவுன் இரண்டும் பிளக்குகள் எளிதில் எட்டினால் அரை நாள். மேலே இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டிய இன்ஜின்களில் கூடும். தாமதம் பெரும்பாலும் லேத் பட்டறையின் வரிசையிலும் உதிரிபாகம் வருவதிலும்தான். ஹெட்டை அனுப்பும் அன்றே தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தரவாதம் இருந்தால் பிரிப்பதற்கு முன் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புதல் வாங்குங்கள். நீட்டித்த உத்தரவாதத் திட்டங்களும் பொதுவாக இதை எதிர்பார்க்கும். கூலன்ட் மாற்றிய பழைய சர்வீஸ் ரசீதுகளை எடுத்து வையுங்கள், முதலில் கேட்பது அதைத்தான். சாதாரண வாகனக் காப்பீடு இயந்திரக் கோளாறை ஏற்பதில்லை. ஆனால் ஏதாவது மோதி ரேடியேட்டர் உடைந்து அதனால் சூடானது என்றால் நிலைமை வேறு. அப்போது இரண்டாம் படியில் எடுத்த படங்கள் உதவும். மோதிய பிறகும் தொடர்ந்து ஓட்டியதால் வந்த சேதத்தை ஏற்க மறுக்கலாம் என்பதால் பாலிசியில் அந்தப் பகுதியைப் படியுங்கள்.

பழைய இன்ஜின் வாங்கும் நிலை வந்தால், அதற்கும் கம்ப்ரஷன் எண்களைத் தாளில் கேளுங்கள். புதுப்பித்து விற்கும் இன்ஜின்களில் வெப்பத்தால் உருகும் சிறு வில்லை ஒன்றை ஒட்டியிருப்பதுண்டு. 120 டிகிரியைத் தாண்டினால் அதன் நடுப்பகுதி உருகிவிடும், உத்தரவாதமும் அதோடு போகும். பொருத்தும் அன்றே அது முழுதாக இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள்.

9. வண்டி திரும்பி வந்த பிறகு

கூலன்ட் நிரப்பியதும் உள்ளே தங்கிய காற்றை முறைப்படி வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். காற்று தங்கினால் புது ஹெட்டே சூடாகும். விசிறி தானாகச் சுழலத் தொடங்கும்வரை இன்ஜினை ஓடவிட்டு உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள்.

முன்பு ஆயிலில் கூலன்ட் கலந்திருந்தால் ஒருமுறை ஆயில் மாற்றுவது போதாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுங்கள்.

முதல் சில வாரங்களுக்குத் தினமும் காலையில், ஆறிய நிலையில், கூலன்ட் அளவைப் பாருங்கள். டேங்கில் ஒரு கோடு போட்டு வைத்தால் ஏமாற முடியாது. சிறிதளவு இறங்கி ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அது தங்கிய காற்று வெளியேறியது. இறங்கிக்கொண்டே இருந்தால், பழுது பார்த்ததற்கான உத்தரவாதக் காலம் முடிவதற்குள் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் அழுத்தச் சோதனையை மறுபடி செய்யச் சொல்லுங்கள்.

ஸ்கேனர் பொருத்தும் ஓ.பி.டி. துளையில் செருகி போனில் வெப்பத்தை எண்ணாகக் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கி வையுங்கள். உங்கள் வண்டி வழக்கமாக எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று பார்த்து, பல கார்களில் அது 85 முதல் 105-க்குள் இருக்கும், அதைவிடப் பத்து டிகிரி கூடினால் ஒலி எழுப்பும்படி வைத்துவிடுங்கள். ஓடும்போது ஹீட்டரைப் போட்டால் சூடான காற்றுக்குப் பதில் திடீரென்று குளிர்ந்த காற்று வந்தால், முள் எங்கே இருந்தாலும் கூலன்ட் குறைந்திருக்கலாம்; ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள்.